பாப்பாரப்பட்டிக்கு வந்து சேர்ந்த அடங்காப் பிள்ளை



பங்குத் தந்தையின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் பல காரணங்களோடு வருவார்கள். திருமண ஓலை, திருமுழுக்குச் சான்றிதழ், இறந்தோருக்கான பூசைக் கருத்து இவையெல்லாம் பகல் நேரத்து வேலைகள். மாலை மங்கிய பிறகு, யாரும் பார்க்காத வேளையில், ஒரு தாய் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எதைச் சொன்னாலும் மாட்டேன் என்கிறான். ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான், அப்பா அடித்தால் திருப்பி முறைக்கிறான். சாமி, நீங்களாவது கண்டித்து வையுங்கள் என்று கேட்பார்கள்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு தாய் பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து வந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் பதில் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தாய் அழுதுகொண்டே, இவன் இப்படியே போனால் என்ன ஆவான் என்று கேட்டார். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதும் எனக்கு வேறொரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. அந்தத் தாயின் ஊரிலேயே மணிமண்டபம் கட்டி நாம் வணங்குகிற ஒருவர், தம் வாழ்நாள் முழுவதும் யாருக்கும் அடங்காத பிள்ளையாகவே இருந்தவர். அவர்தான் சுப்பிரமணிய சிவா.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிவாதக்காரப் பிள்ளைகள் எல்லாரும் தியாகிகள் ஆவார்கள் என்று ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படி ஆவதில்லை என்பது பெற்றோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிவாவுக்கு ஏதோ மனக்கோளாறு இருந்தது என்று நூறாண்டு கழித்துச் சீட்டு எழுதும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் அடங்காத ஒரு மனிதரை அவருடைய காலம் எப்படி நடத்தியது, யார் அவரை உடைக்கப் பார்த்தார்கள், யார் அவருக்கு இடம் கொடுத்தார்கள் என்று பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளையை எப்படி நடத்துகிறோம் என்பதும் கொஞ்சம் தெரிய வரும்.

1884 அக்டோபர் 4-ஆம் நாள் வத்தலக்குண்டில் அவர் பிறந்தார். தந்தை ராஜம் ஐயர், தாய் நாகம்மாள். (கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயரும் அதே ஊர்க்காரர்தான், அவர் வேறு, இவர் வேறு.) பெற்றோர் வைத்த பெயர் சுப்பராமன். ஞானாம்பாள், தைலாம்பாள் என்று இரண்டு சகோதரிகள். வறுமைப்பட்ட குடும்பம். சிறுவனாக மதுரைக்கு வந்து சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் படித்தார். அங்கும் படிப்பைத் தொடர வழியில்லாமல் போனபோது திருவனந்தபுரத்துக்குப் போனார். திருவிதாங்கூர் அரசு அந்நாளில் நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணப் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு கிடைக்கும். அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் அந்தப் படிப்பு. பிறகு சிறிது காலம் கோயம்புத்தூரிலும் படித்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசிப்பதுண்டு. ஊர் மாறி ஊர், பள்ளி மாறிப் பள்ளி, சொந்த வீட்டுச் சாப்பாடு இல்லாத வளரும் பருவம். இப்படிப்பட்ட பிள்ளை ஒன்று நம் மறைக்கல்வி வகுப்பில் வந்து உட்கார்ந்தால் நாம் முதலில் காண்பது அதன் முறைப்பைத்தான். அதற்குப் பின்னால் இருக்கும் பசி நம் கண்ணுக்குப் படுவதில்லை.

குடும்பத்தார் அவரை வழிக்குக் கொண்டுவர அந்தக் காலத்து வழிகளையே கையாண்டார்கள். 1899-இல், பதினைந்து வயதில், மீனாட்சி என்ற பெண்ணைத் திருமணம் செய்து வைத்தார்கள். சிவகாசியில் போலீஸ் அலுவலகத்தில் அட்டவணைப் பிள்ளை வேலையும் கிடைத்தது. கால் கட்டும் ஆயிற்று, அரசாங்கச் சம்பளமும் ஆயிற்று என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். மறுநாளே அந்த வேலையை விட்டுவிட்டார்! நம் வீட்டில் இது நடந்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். அரசு வேலையை ஒரே நாளில் உதறிவிட்டு வந்த மகனுக்கு எந்த வீட்டில் சோறு மரியாதையோடு விழும்?

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்ற மருந்து நம் ஊரில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அந்த மருந்தின் விலையைக் கொடுத்தவர் மீனாட்சி அம்மாள். கணவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு, ஊர் சுற்றிய நாட்களும் சிறையில் இருந்த நாட்களும் அதிகம். வரலாற்று நூல்களில் இந்த அம்மையாருக்கு ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் இடமில்லை. 1915-இல் அவர் இறந்துபோனார். சிவாவின் பெருமையைப் பேசுகிற மேடைகளில் இவருடைய பெயரையும் ஒருமுறை சொன்னால் நல்லது என்பது என் எண்ணம்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த காலத்தில் அவருடைய எதிர்ப்புக்கு ஒரு திசை கிடைத்தது. சதானந்தர் என்ற துறவியிடம் சீடராக இருந்ததில் சுப்பராமன் சுப்பிரமணிய சிவா ஆனார். 1906 வாக்கில் வடநாட்டிலிருந்து வந்த ஆரிய சமாஜத்தார் ஒருவருடைய நாட்டுப்பற்றுச் சொற்பொழிவுகளைக் கேட்டார். அதன் பிறகு தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பை ஏற்படுத்தி இளைஞர்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினார். சமஸ்தானம் சும்மா இருக்குமா? எல்லையைவிட்டு வெளியேறும்படி உத்தரவு போட்டது. வீட்டில் அடங்காதவர், வேலையில் அடங்காதவர், இப்போது ஒரு மகாராஜாவின் நாட்டுக்கும் அடங்காதவர் ஆனார். வழியெல்லாம் பேசிக்கொண்டே தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடியில் அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. அதுதான் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வீடு. வ.உ.சி. அவரைவிட ஏறக்குறைய பன்னிரண்டு வயது மூத்தவர். வழக்கறிஞர், சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்தியவர், ஊரில் பெரிய மனிதர். ஊர் பேர் தெரியாத இருபத்து மூன்று வயதுச் சந்நியாசிக் கோலத்து இளைஞன் ஒருவனை வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டார். அவருடைய வாயை அடக்கப் பார்க்கவில்லை. அந்த வாய்க்குக் கடற்கரையில் மேடை போட்டுக் கொடுத்தார். பெற்றோரே, அடங்காத பிள்ளைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெரியவராவது இப்படி அமைந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்தப் பெரியவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமா, தாத்தா, பள்ளி விளையாட்டு ஆசிரியர், பக்கத்துப் பட்டறைக்காரர் என்று யாராகவும் இருக்கலாம்.

அந்த மேடையின் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓய்வு நாள் இல்லாமல், சிறு தவறுக்கும் அடி வாங்கிக்கொண்டு வேலை செய்த மக்கள் அவர்கள். வ.உ.சி.யும் சிவாவும் அவர்களுக்காக நின்றார்கள். சில நாட்களிலேயே ஆலை நிர்வாகம் இறங்கி வந்து, கூலி உயர்வும் வார விடுமுறையும் தர ஒப்புக்கொண்டது. சிவகாசியில் ஒரு நாள்கூட வேலையில் நிலைக்காதவர், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு வாங்கித் தந்தவர்களில் ஒருவர் ஆனார்.

மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்து, நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்குப் பத்தாண்டு. வ.உ.சி.க்கு நாற்பதாண்டு, அதில் இருபது அவருடைய சொந்தப் பேச்சுக்காக, மீதி இருபது சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக. இந்தக் கணக்கை நான் முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடங்காத ஒருவனுக்குச் சோறும் கூரையும் கொடுத்துத் துணை நின்றதற்கு ஒரு மனிதனுக்கு இருபது ஆண்டு! மேல் முறையீட்டில் இருவருக்கும் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது என்பது உண்மைதான். ஆனாலும் வ.உ.சி. அந்தத் துணையை நினைத்துப் பின்னால் வருந்தியதாக நான் எங்கும் படித்ததில்லை.

இனி வருவது சிறையின் கதை. பிடிவாதத்தை உடைக்க வேண்டும் என்று ஓர் ஆட்சி முழுப் பலத்தோடு இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அரைகுறைச் சாப்பாடு, கடும் வேலை, தனிமை. சுண்ணாம்பு கலந்த ஆட்டு ரோமத்தைக் கையால் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுத்தார்கள் என்பார்கள். சேலம் சிறையில் இருந்தபோது தொழுநோய் கண்டது. அந்த வேலைதான் நோயைக் கொண்டு வந்தது என்று அன்று எல்லாரும் நம்பினார்கள். தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று 1873-இலேயே நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டிருந்தார். ஆனால் அதைக் குணமாக்கும் மருந்து சிவாவின் காலத்தில் இல்லை. இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரப்படும் கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் தீர்ந்துபோகும் நோய் அது. ஒரு காலத்தில் மக்கள் ஊருக்கு வெளியே தள்ளிய இந்த நோயாளிகளைப் பராமரிப்பதில் நம் அருட்சகோதரிகள் பலர் வாழ்நாளையே செலவிட்டிருக்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னேன்.

1912 நவம்பரில் சிவா வெளியே வந்தார். உடல் உருக்குலைந்துபோயிருந்தது, பிடிவாதம் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த மாதம் 24-ஆம் நாள் வ.உ.சி. விடுதலையானபோது சிறை வாசலில் கூட்டமில்லை என்றும், வந்து காத்திருந்தவர் சிவாதான் என்றும், நோயால் மாறிப்போன முகத்தை வ.உ.சி.க்கே உடனே அடையாளம் தெரியவில்லை என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எதிர்ப்புக் குணமுள்ள பிள்ளையின் வீட்டில் நடப்பதும் சிறிய அளவில் இதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு சொல், ஓர் அடிக்கு ஒரு முறைப்பு, இன்னும் பலமான அடி, இன்னும் பெரிய பிடிவாதம். யார் ஜெயிப்பது என்ற போட்டியாகிவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தோற்க நேரமிருக்காது; தன் உடம்பைக் கொடுத்தாவது ஜெயிக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. குருவான புதிதில், ஒரு பங்கில் மறைக்கல்வி வகுப்பு நடத்தும்போது, எதிர்த்துப் பேசிய ஒரு பையனை எல்லார் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். பிறகு அவன் கோவிலுக்கும் வரவில்லை. அவனுடைய அப்பா குடித்துவிட்டுத் தினமும் அடிப்பவர் என்று அடுத்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அவன் வீட்டில் வாங்கிய அடிகளோடு என்னுடையதும் ஒன்றாகச் சேர்ந்தது. அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை கிளம்பி, பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். குருவுக்கு என்ன கௌரவம் பார்க்கிறாய் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர்கள் இதைப் பற்றிச் சொல்வதையும் கேட்போம். எல்லாப் பிள்ளையும் ஒரு வயதில் மாட்டேன் என்று சொல்லும், அது வளர்ச்சி. ஆனால் கோபம், வாக்குவாதம், வேண்டுமென்றே மற்றவரைச் சீண்டுவது, தன் தவறுக்குப் பிறரைக் குறை சொல்வது இவை ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து, படிப்பையும் வீட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் அதை எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்கிறார்கள். அதற்குப் பின்னால் கவனக்குறைவும் அமைதியின்மையும் இருக்கலாம், எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், வீட்டில் நடக்கும் சண்டை இருக்கலாம், யாரோ செய்த பாலியல் கொடுமையும் இருக்கலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண் இருக்கிறது. மந்திரிக்கவும் கயிறு கட்டவும் பத்து ஊர் அலைகிறவர்கள் ஒரு நாள் அங்கேயும் போகலாம்.

இந்தக் கோளாறுக்கு முதல் மருத்துவம் மாத்திரை அல்ல, பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிள்ளை செய்த நல்லதை அந்த நிமிடமே சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் திட்டு மட்டுமே கேட்கும் காதுக்கு வேறு எதுவும் நுழையாது. வீட்டில் சட்டம் குறைவாக இருக்க வேண்டும். இருப்பது மாறாமல் இருக்க வேண்டும். அப்பா ஒன்று சொல்ல அம்மா மறைவாக வேறொன்று சொல்வது பிள்ளைக்குப் போர்த் தந்திரம் கற்றுக் கொடுப்பது போல. கோபம் தலைக்கேறிய நேரத்தில் அறிவுரை வேண்டாம். விலகிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். தண்டனை என்றால் சிறியதாக, சொன்னபடியே, அன்றைக்கே முடிந்துவிடுவதாக இருக்கட்டும். எதிர் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இவையெல்லாம் ஒரு வாரத்தில் பலன் தராது. மாதக் கணக்கில் பொறுமை கேட்கும். எத்தனையோ தாய்மார்கள் தனியாகவே இதைச் செய்கிறார்கள். கணவன்மார் வெளியூர் வேலையிலோ டாஸ்மாக் கடையிலோ இருக்கிறார்கள்.

மறுபடியும் சிவாவிடம் வருவோம். சென்னையில் 1913-இல் ஞானபானு என்ற மாத இதழைத் தொடங்கினார். பாரதியாரும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள். 1916-இல் பிரபஞ்சமித்திரன் தொடங்கினார். ராமாநுஜ விஜயம், மத்வ விஜயம் போன்ற நூல்களை எழுதினார். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தது. அதையும் அவர் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. புண்களைத் துணியால் சுற்றி மூடிக்கொண்டு, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1921 நவம்பரில் மறுபடியும் கைது, இரண்டரை ஆண்டு தண்டனை. நோய் முற்றிய உடம்பை வைத்துக்கொண்டு சிறைக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள்.

இந்தக் கடைசி வருடங்களில்தான் அவர் பாப்பாரப்பட்டியை வந்தடைந்தார். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்ட வேண்டும், சாதி பார்க்காமல் எல்லாரும் வந்து வணங்க வேண்டும் என்பது அவருடைய கனவு. இந்த ஊரில் சின்னமுத்து முதலியாரும் வேறு நண்பர்களும் துணை நிற்க, நிலம் வாங்கி அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். பணத்துக்காகச் சிவா நாடகக் குழு சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நாடகம் போட்டார். வங்காளத்துப் பெரிய தலைவர் வந்து போன அந்த நாளில் இந்தச் சின்ன ஊர் எப்படி இருந்திருக்கும்!

அதைவிடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. நோயைக் கண்டு பயந்து உறவினரே விலகும் காலம் அது. ரயிலும் ஏற்றாத ஒரு மனிதரை இந்த ஊர் ஏற்றிக்கொண்டது. வீடு கொடுத்தது, நிலம் கிடைக்க வழி செய்தது, கடைசியில் மண்ணும் கொடுத்தது. தூத்துக்குடியில் வ.உ.சி. தனி மனிதராகச் செய்ததை இங்கே ஓர் ஊரே செய்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆலயம் அவர் கண்ணுக்கு முன் எழும்பவில்லை. 1925 ஜூலை 23-ஆம் நாள் பாப்பாரப்பட்டியிலேயே அவர் இறந்தார். அவருக்கு நாற்பத்தொரு வயதுகூட நிறையவில்லை. மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் அரசு பிற்காலத்தில் எழுப்பியவை.

நாகம்மாள் என்ற அந்தத் தாய் தன் மகனைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. வத்தலக்குண்டில் அவன் பிறந்தபோது இப்படி ஒரு வாழ்வை அவர் கேட்டிருக்க மாட்டார். அரசு வேலை, பேரப் பிள்ளைகள், நல்ல உடம்பு இவற்றையே கேட்டிருப்பார். எந்தத் தாயும் தியாகியைப் பெற விரும்பிப் பிள்ளை பெறுவதில்லை.

அன்றைக்கு வந்த பையனை நான் கண்டிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனையும் அவன் அம்மாவையும் மணிமண்டபத்தின் வாசலுக்கு வரச் சொன்னேன். வருவான் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தான். சிவாவின் கதையை நான் அவனுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு உபதேச வாசனை உடனே தெரிந்துவிடும். சிலையைச் சுற்றி வந்தான், கல்வெட்டைப் படிக்கத் தொடங்கினான். எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரிக்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டு படித்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை அப்படிப் படிப்பதைப் பார்த்து அவன் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொல்லும்போதெல்லாம்தான் சண்டை வருகிறது என்று அந்த அம்மா அப்போதுதான் சொன்னார். திங்கட்கிழமை தருமபுரிக்குப் போகிற முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு போனார்.